மாற்றிய வீடியோ சரியாக ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வெள்ளவத்தை ஸ்டூடியோவில் வாங்கிய பென் டிரைவ், ரொறன்ரோவிலிருந்து மச்சான் அனுப்பிய ஐபோன் கிளிப், அலுமாரியில் கிடக்கும் பழைய சாமத்திய வீட்டு டிவிடி. மூன்றும் வீடியோதான், ஆனால் உள்ளே இருப்பவை மூன்று வெவ்வேறு சாமான்கள். எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் போட்டு, ஒரே பட்டனை அழுத்தி எம்பி4 ஆக்கும்போதுதான் கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி தொடங்குகின்றன.

எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ, எம்டிஎஸ் எல்லாம் சோற்றுப் பார்சலைச் சுற்றிய தாள் மாதிரி. உள்ளே இருக்கும் சோறும் கறியும் வேறு: படத்துக்கு எச்.264, எச்.265, எம்பெக்-2 போன்ற கொடெக்குகள் (சுருக்கிப் பதியும் முறைகள்), சத்தத்துக்கு ஏஏசி, ஏசி3, டிடிஎஸ் போன்றவை. டிவி ஒரு பைலை ஓட மறுத்தால் அதற்குத் தாள் பிடிக்கவில்லையா, கறி பிடிக்கவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். தாள்தான் பிரச்சினை என்றால் தாளை மட்டும் மாற்றலாம். இரண்டு மணிநேர வீடியோவுக்கும் சில நிமிடங்கள் போதும், தரம் துளியும் குறையாது. கறி பிடிக்கவில்லை என்றால்தான் திரும்பச் சமைக்க வேண்டும், அதாவது வேறு கொடெக்குக்கு மாற்ற வேண்டும். அதற்கு மணிக்கணக்காகும், ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும்.

பைலின் பெயருக்குப் பின்னால் இருக்கும் எம்கேவியை அழித்து எம்பி4 என்று எழுதுவது இந்த இரண்டிலும் சேராது. அது பார்சல் மேல் ஒட்டிய லேபிளை மாற்றுவது. கணினியில் விஎல்சி என்ற பிளேயர் ஏமாறாமல் ஓட்டும், டிவி ஓட்டாது.

எதையும் தொடுமுன் பார்க்க வேண்டியவை

விஎல்சியில் வீடியோவைத் திறந்து 'டூல்ஸ்' மெனுவில் 'கொடெக் இன்பர்மேஷன்' பாருங்கள். இன்னும் விபரம் வேண்டுமென்றால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் ஐந்து விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: படத்தின் கொடெக், பிட் ஆழம் 8ஆ 10ஆ, பிரேம்ரேட் (செக்கனுக்கு எத்தனை பிரேம்) நிலையானதா மாறுவதா, ஸ்கேன் வகை 'இன்டர்லேஸ்ட்'டா 'புரோகிரெசிவ்'வா, சத்தத்தின் கொடெக். இந்த ஐந்தும் தெரிந்தால் கீழே உள்ளவற்றில் எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தாள் மாற்ற அவிடீமக்ஸ், எம்கேவிடூல்நிக்ஸ். திரும்பச் சமைக்க ஹேண்ட்பிரேக். மூன்றும் இலவசம். ஹேண்ட்பிரேக் படத்தை ஒருபோதும் அப்படியே கொப்பி பண்ணாது, எப்போதும் திரும்பச் சமைக்கும். எடுத்ததற்கெல்லாம் அதைத் திறப்பது இதனால்தான் பிழை.

சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு

படம் எச்.265 ஆக இருக்கும், அல்லது 10 பிட் எச்.264 ஆக இருக்கும். ஐபோன்கள் 2017இலிருந்து எச்.265இல் பதிவு செய்யக்கூடியவை. பழைய டிவிகளுக்கும், பல மண்டபங்களில் எல்இடி திரைக்குப் பின்னால் இருக்கும் பழைய லப்டொப்புகளுக்கும் அது தெரியாது. 10 பிட் எச்.264ஐ அனேகமாக எந்த டிவியுமே ஓட்டாது.

இங்கே தாள் மாற்றிப் பயனில்லை. ஹேண்ட்பிரேக்கில் 'வீடியோ' பக்கம் போய் எச்.264 (எக்ஸ்264) தெரிவு செய்யுங்கள். பெயரில் 10 பிட் என்று இருப்பதை எடுக்க வேண்டாம். புரோபைல் 'ஹை', லெவல் 4.1. எந்த டிவியில் ஓடப்போகிறது என்று தெரியாத நேரத்தில் பாதுகாப்பான கலவை இதுதான்: எம்பி4, 8 பிட் எச்.264, 1080பி, சத்தம் ஏஏசி ஸ்டீரியோ 160 கிலோபிட், 48 கிலோஹேர்ட்ஸ். மண்டபத்துக்குக் கொடுக்கும் கிளிப் என்றால் விழாவுக்கு முதல் நாளே அந்தத் திரையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து இனிமேல் எடுத்து அனுப்பப் போகிறவர்களிடம், ஐபோனின் 'செட்டிங்ஸ்', 'கமெரா', 'போர்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' போடச் சொன்னால் இந்த வேலையே மிச்சம்.

படம் வருகிறது, சத்தம் இல்லை

எம்டிஎஸ் பைல் தரும் வீடியோ கமெராக்களில் சத்தம் பெரும்பாலும் ஏசி3. இறக்கிய எம்கேவிகளில் டிடிஎஸ் இருக்கும். போன்கள் பலவும் ஏசி3ஐ எடுக்காது, டிவிகள் பலவும் டிடிஎஸ்ஸை எடுக்காது.

படத்தைத் தொடாதீர்கள். அவிடீமக்ஸில் திறந்து, 'வீடியோ அவுட்புட்' என்பதை 'கொப்பி'யில் விட்டு, 'ஓடியோ அவுட்புட்'டை மட்டும் ஏஏசி ஆக்குங்கள். 'அவுட்புட் போர்மட்' எம்பி4 மக்ஸர். சேமிக்கவும். ஒரு மணிநேர வீடியோவுக்குத் தேநீர் குடிக்கிற நேரம்தான்.

வாயசைவும் சத்தமும் ஒத்துவரவில்லை

இதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன, மருந்தும் வேறு வேறு. வீடியோவின் 5ஆவது நிமிடத்தில் ஓரிடம், கடைசி 5 நிமிடத்தில் ஓரிடம் பாருங்கள். கைதட்டல், மிருதங்க அடி, தேங்காய் உடைப்பது போல சட்டென்று சத்தம் வரும் இடமாகத் தேடுங்கள். உதடுகளை விட அவை துல்லியமாகக் காட்டும்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் அது வெறும் தள்ளிவைப்பு. விஎல்சியில் ஜே, கே விசைகள் சத்தத்தை 50 மில்லிசெக்கன் வீதம் முன்னும் பின்னும் நகர்த்தும், எவ்வளவு நகர்ந்தது என்று திரையிலேயே காட்டும். சத்தம் பிந்தி வந்தால் ஜே. சரியாகப் பொருந்தும் எண்ணைக் குறித்துக்கொண்டு, எம்கேவிடூல்நிக்ஸில் ஓடியோ வரியைத் தெரிவு செய்து, 'டிலே' என்ற கட்டத்தில் அதை எழுதுங்கள். சத்தம் 300 மில்லிசெக்கன் பிந்துகிறது என்றால் -300. திரும்பச் சமைக்கத் தேவையில்லை. வருவது எம்கேவி, எம்பி4 வேண்டுமென்றால் அவிடீமக்ஸில் தாளை மாற்றுங்கள்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் பிரேம்ரேட் குழப்பம். உண்மையில் செக்கனுக்கு 29.97 பிரேம் உள்ள படத்தை மென்பொருள் 30 என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 0.1 வீதம்தான். ஆனால் ஒரு மணிநேர முடிவில் அது 3.6 செக்கன். கண்டுபிடிக்காமல் முழுக் கலியாணத்தையும் மாற்றி முடித்தவர்கள் ஏராளம்.

போன் வீடியோ என்றால் குற்றவாளி பெரும்பாலும் மாறும் பிரேம்ரேட். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே பிரேம்களைக் குறைத்து எடுக்கும். ஓட்டும்போது அது தெரியாது, எடிட்டிங் மென்பொருளில் போட்டால் தெரியும். எடிட் செய்யுமுன் ஹேண்ட்பிரேக்கில் 'வீடியோ' பக்கத்தில் 'கொன்ஸ்டன்ட் பிரேம்ரேட்' போட்டு ஒருமுறை மாற்றுங்கள். அந்தப் பிரதியை மட்டும் எடிட்டருக்குக் கொடுங்கள். எடிட் செய்து முடித்த பிறகு இதைச் செய்து பயனில்லை.

ஆடும்போது கை ஓரங்களில் சீப்புப் பற்கள்

அரங்கேற்ற வீடியோக்களில் இதைப் பார்க்காத வீடில்லை. நடனக்காரி நிற்கும்போது படம் சுத்தம். அடவு தொடங்கியதும் கை, சலங்கை, பின்னல் எல்லாவற்றின் ஓரமும் கோடு கோடாகக் கிழிகிறது.

இலங்கை தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வந்தது. அதற்கேற்ப இங்கே புழங்கிய கமெராக்களும் டிவிடிகளும் செக்கனுக்கு 25 பிரேம், ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு பாதிகள். இதுதான் இன்டர்லேஸ்ட். ஒற்றைக் கோடுகள் ஒரு கணத்திலும் இரட்டைக் கோடுகள் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எடுக்கப்பட்டவை. அந்த இடைவெளியில் கை நகர்ந்துவிடும். இரண்டு பாதியையும் ஒன்றாகக் காட்டினால் சீப்பு.

டிவியில் மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இன்டர்லேஸ்டை எப்படிக் காட்டுவது என்று டிவிக்குத் தெரியும், எம்டிஎஸ்ஸிலிருந்து எம்பி4க்குத் தாள் மாற்றினால் போதும். யூடியூபுக்கும் போனுக்கும் என்றால் ஹேண்ட்பிரேக்கில் 'பில்டர்ஸ்' பக்கம், 'டீஇன்டர்லேஸ்', அதில் யாடிஃப். பிரிசெட் 'டிபோல்ட்' என்றால் 25 பிரேம் கிடைக்கும். கலியாணத்துக்கு அது போதும். நடனத்துக்கு 'பொப்' போடுங்கள், 'வீடியோ' பக்கத்தில் பிரேம்ரேட்டை நீங்களே 50 என்று வையுங்கள். ஒவ்வொரு பாதியும் தனிப் பிரேம் ஆகும், ஜதியின் வேகம் குறையாமல் வரும். 1080பியில் 50 பிரேம் என்றால் லெவல் 4.2 வேண்டும். அது பழைய டிவியில் ஓடாவிட்டால் 720பியாக இறக்குங்கள், 50 பிரேமை விட்டுவிடாதீர்கள்.

மாற்றிய பிறகு படம் முன்னும் பின்னும் நடுங்கினால், இரு பாதிகளின் வரிசை தலைகீழாக எடுக்கப்பட்டிருக்கிறது. மூலத்திலிருந்து திரும்பச் செய்யுங்கள்.

ஒரு கெட்ட செய்தி. இன்டர்லேஸ்ட் படத்தை டீஇன்டர்லேஸ் செய்யாமல் யாரோ ஏற்கெனவே 1080இலிருந்து 720க்குச் சுருக்கியிருந்தால் சீப்பு படத்தோடு கரைந்துவிட்டது, எந்தப் பில்டராலும் எடுக்க முடியாது. மூல எம்டிஎஸ் இருக்கிறதா என்று ஸ்டூடியோவில் கேளுங்கள்.

கமெரா நகரும்போது படம் துள்ளுகிறது

ஸ்டூடியோவின் 25 பிரேமோடு கனடாவிலிருந்து வந்த போனின் 30 பிரேமைச் சேர்த்தால் வருவது. 30ஐ 25 ஆக்க ஆறு பிரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும். தனிக் கிளிப் என்றால் பிரேம்ரேட்டை 'சேம் அஸ் சோர்ஸ்' என்று விடுங்கள். கலக்கத்தான் வேண்டும் என்றால் எந்தக் காட்சி அதிகமோ அதன் பிரேம்ரேட்டை வைத்து, மற்றதில் கமெரா அசையாத துண்டுகளாகப் பொறுக்குங்கள்.

மண்டபத்து ரியூப் லைட்டின் கீழ் பட்டை பட்டையாக ஓடுவது வேறு. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு அதற்கேற்ப மினுக்கும், ஷட்டர் செக்கனில் 60இல் ஒரு பங்கு என்றால் இரண்டும் ஒத்துவராது. அது எடுக்கும்போதே வந்த கோளாறு, மாற்றிச் சரிவராது.

தமிழ் சப்டைட்டில் பெட்டி பெட்டியாக, ஆங்கில எழுத்தாக, கேள்விக்குறியாக வருகிறது

மூன்றும் மூன்று காரணம்.

பெட்டிகள்: பைல் சரி, டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. கொம்புகளும் கால்களும் எழுத்தை விட்டுத் தனியாக நிற்பதும் டிவியின் குறைதான். சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்துவிடுவதுதான் வழி. ஹேண்ட்பிரேக்கில் 'சப்டைட்டில்ஸ்' பக்கத்தில் எஸ்ஆர்டி பைலை (வசனமும் நேரமும் எழுதிய சப்டைட்டில் பைல்) சேர்த்து, எழுத்து முறையை யுடிஎஃப்-8 என்று வைத்து, 'பேர்ன் இன்' குறியிடுங்கள். விண்டோஸ் 10, 11இல் நிர்மலா யூஐ எழுத்துரு இருப்பதால் தமிழ் ஒழுங்காக விழும். பதித்ததைப் பிறகு அகற்ற முடியாது, அதனால் சப்டைட்டில் இல்லாத பிரதி ஒன்றை வைத்திருங்கள்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால்: தட்டச்சு செய்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். இங்கே அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் இன்னும் புழங்குவது அதுதான். பாமினியில் இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு மட்டும்தான் தமிழ் முகம் காட்டுகிறது. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் ஏதாவதொரு மாற்றியில் போட வேண்டும். ஆனால் பைலை முழுதாகப் போடாதீர்கள். பாமினியில் 'இ' இருப்பது கமா விசையில், கமா இருப்பது அம்புக்குறியின் கூரில். முழுதாகப் போட்டால் 00:01:15,200 என்ற நேரம் 00:01:15இ200 ஆகும், இரண்டு நேரங்களுக்கு இடையிலுள்ள அம்பு உடையும், ஒரு சப்டைட்டிலும் வராது. நேர வரிகளை விட்டு வசன வரிகளை மட்டும் மாற்றுங்கள்.

எல்லாமே கேள்விக்குறி என்றால்: யுனிகோடில் சரியாக அடித்துவிட்டு நோட்பேடில் 'ஏன்சி' என்று சேமித்திருக்கிறார்கள். எழுத்துகள் அழிந்துவிட்டன. திரும்ப அடிக்க வேண்டியதுதான். சேமிக்கும்போது யுடிஎஃப்-8.

வீடியோவின் பெயரைத் தமிழிலோ சிங்களத்திலோ வைத்தால் பழைய டிவிடி பிளேயரும் கார் செட்டும் பைலைக் காட்டாமலே விடக்கூடும். பென் டிரைவுக்குப் போகும் பிரதிக்கு மட்டுமாவது ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள்.

பென் டிரைவில் ஏறவில்லை, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

இடம் இருந்தும் 'பைல் பெரிது' என்று வந்தால் டிரைவ் ஃபட்32 என்ற முறையில் போர்மட் செய்யப்பட்டது. அதில் தனிப் பைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, துல்லியமாக 4,294,967,295 பைட். எக்ஸ்ஃபட் ஆக போர்மட் செய்தால் கணினியில் தீரும், ஆனால் பழைய டிவி எக்ஸ்ஃபட்டைப் படிக்காது. என்டிஎஃப்எஸ்ஸைச் சில டிவிகள் படிக்கும். போர்மட் செய்தால் உள்ளிருப்பது எல்லாம் போகும், முதலில் கொப்பி எடுங்கள்.

அல்லது பைலை 4 ஜிபிக்குள் அடக்குங்கள். 3 மணிநேரம் என்பது 10,800 செக்கன். 4 ஜிபி ஏறத்தாழ 34,360 மெகாபிட். வகுத்தால் செக்கனுக்கு 3.18 மெகாபிட். சத்தத்துக்கு 160 கிலோபிட் கழித்து, கொஞ்சம் இடம் விட்டு, ஹேண்ட்பிரேக்கில் சராசரி பிட்ரேட் 2,900, இரண்டு முறை ஓட்டும் தெரிவு. 1080பிக்கு இது இறுக்கம். தாலி கட்டுவது வரை ஒன்று, பிறகு ஒன்று என்று இரண்டு பைலாகப் பிரிப்பதே நல்லது.

கணினியில் முழுதாக ஓடும் வீடியோ பென்னில் ஏற்றியதும் நடுவில் உறைந்தால், நம்ப முடியாத மலிவு விலைக்கு வாங்கிய 1 டெராபைட் பென்னா என்று பாருங்கள். 32 ஜிபி சிப்பை 1 டெராபைட் என்று காட்டும் போலிகள் உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

மாற்றும்போது கரண்ட் போய்விட்டது, பைல் திறக்கவில்லை

எம்பி4இன் உள்ளடக்க அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். 95 வீதத்தில் நின்றாலும் அட்டவணை இல்லை, அதனால் பைல் திறக்காது. எம்கேவி அப்படியல்ல, நின்ற இடம் வரை ஓடும். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் இதைப் பலர் கற்றுக்கொண்டார்கள். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் நீண்ட வேலை என்றால் முதலில் எம்கேவியாக எடுங்கள், முடிந்ததும் அவிடீமக்ஸில் எம்பி4 தாள் சுற்றுங்கள்.

மாற்றிய பைல் போனால் திரும்ப மாற்றலாம். கமெராவே பற்றரி இறங்கி நின்றிருந்தால்தான் சிக்கல். அப்போது அன்ட்ரங்க் என்ற மென்பொருள் உண்டு. அதே கமெராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல பைல் ஒன்றைக் கூடவே கொடுத்தால் அதைப் பார்த்து அட்டவணையைக் கட்டும். எப்போதும் கைகொடுக்கும் என்றில்லை. அதுவரை அந்தக் கார்டில் வேறெதுவும் பதிய வேண்டாம்.

டிவிடியிலிருந்து எடுத்தது துண்டு துண்டாக இருக்கிறது

டிவிடியில் விஓபி பைல்கள் 1 ஜிபி அளவில் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக மாற்றி ஒட்டினால் ஒட்டும் இடத்தில் பாட்டு இடறும். 'வீடியோ_டிஎஸ்' கோப்புறையை முழுதாகக் கணினிக்குக் கொப்பி எடுத்து, ஹேண்ட்பிரேக்கில் கோப்புறையாகத் திறந்து, டைட்டில் பட்டியலில் நீளமானதைத் தெரிவு செய்யுங்கள். எம்டிஎஸ் பைல்களுக்கும் இதே கதை. எம்கேவிடூல்நிக்ஸில் முதல் துண்டைச் சேர்த்து மற்றவற்றை 'அப்பென்ட்' கொடுத்து ஒன்றாக்கிவிட்டுப் பிறகு மாற்றுங்கள்.

720×576 அளவுள்ள டிவிடியை 1080பி ஆக்குவதால் பைல்தான் பெருக்கும். அப்படியே விடுங்கள்.

ஆட்கள் ஒல்லியாக, அல்லது ஓரம் வெட்டுப்பட்டு

டிவிடியின் 720×576 அகலப் படம் என்றால் 1024×576 ஆகவும், பழைய சதுரப் படம் என்றால் 768×576 ஆகவும் விரிந்து காட்டப்பட வேண்டும். 'டைமென்ஷன்ஸ்' பக்கத்தில் 'அனமோர்பிக்' தானியங்கியாக இருக்கட்டும். அதே பக்கத்தில் 'குரொப்பிங்' தானியங்கியாக இருக்கக் கூடாது. இருண்ட மேடையின் இரு பக்கத்தையும் கறுப்புப் பட்டை என்று நினைத்து வெட்டிவிடும், நட்டுவாங்கம் செய்பவர் பாதியாக நிற்பார். 'நன்' போடுங்கள்.

மங்கல், கட்டம் கட்டமாக உடைதல், வெளிறிய நிறம்

வட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது என்றால் அது ஏற்கெனவே நசுக்கப்பட்டது. 'டொக்யுமென்ட்' ஆகத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். மூலம் நல்லது, மாற்றியதுதான் மோசம் என்றால் ஹேண்ட்பிரேக்கின் ஆர்எஃப் எண்ணைப் பாருங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், பைலும் கூடும். 1080பிக்கு 20 முதல் 24, டிவிடிக்கு 18 முதல் 22. புகை, இருள், பட்டுச் சேலை ஜரிகை உள்ள காட்சிக்கு 20ஐத் தாண்ட வேண்டாம். முழுதையும் ஓட்டுமுன் மிக இருண்ட ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஐபோன் 12இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் எடுத்தது சாதாரண டிவியில் சாம்பல் பூத்தது போல் வெளிறினால் அது எச்டிஆர், அதாவது வெளிச்ச வித்தியாசத்தைக் கூடுதலாகப் பதியும் முறை. 'பில்டர்ஸ்' பக்கத்தில் 'கலர்ஸ்பேஸ்' பிடி.709 என்று வைத்து 8 பிட் எச்.264 ஆக மாற்றுங்கள்.

விடிய விடிய ஓடுகிறது

ஹேண்ட்பிரேக்கில் கியூஎஸ்வி (குவிக்சிங்க்), என்வென்க் என்று முடியும் கொடெக்குகள் பல மடங்கு வேகம். அதே தரத்துக்குப் பைல் கொஞ்சம் பெரிதாகும், அவசரத்துக்குப் பரவாயில்லை. தொடக்கத்தில் வேகமாக ஓடி அரை மணிநேரத்தில் தவழ்ந்தால் லப்டொப் சூடாகித் தன்னைத் தானே அடக்குகிறது. கொழும்பு வெக்கையில் மெத்தை மேல் வைத்து ஓட்டினால் வேறு எப்படி? மேசையில் வைத்து, அடியில் காற்றுப் போக இடம் விட்டு, இரவில் ஓட்டுங்கள்.

இணையத்தில் பைலை ஏற்றி மாற்றும் தளங்கள் 30 செக்கன் கிளிப்புக்குச் சரி. 3 ஜிபி கலியாணத்தை ஏற்றினால் டேட்டா கரையும், வீட்டுப் பெண்பிள்ளைகளின் படமும் முன்பின் தெரியாத ஒரு சேர்வரில் போய்க் கிடக்கும்.